பின்பக்கம் இல்லாத ஜோடு

முதலில் அடியில் டேப் ஒட்ட வேண்டும்.
காகித டேப், பசை தோலில் தங்காதது.
குதிகால் வளைவிலிருந்து கூர்நுனி வரை ஒட்டி
பிளேடால் விளிம்பைச் சீவி.
மாலையில் இவை பெட்டிக்குத் திரும்பும்,
தரையையே பார்க்காதவை போல.

சிவாஜிநகரில் பாத்திரக் கடைகளுக்குப் பின் சந்து,
இரண்டாம் மாடி.
சுவரிலிருந்து வழிந்து தரையில் பரவும் வெள்ளைக் காகிதம்.
செருப்போடு ஏறாதீர்கள் என்று
கன்னடத்தில் எழுதி மாட்டியிருக்கிறான் பிரஜ்வல்.
செருப்பைப் படம் எடுக்கும் இடத்தில்
எல்லாரும் வெறுங்கால்.

இதன் பெயர் ம்யூல்.
கோவேறு கழுதை என்றுதான்
மர்ஃபி டவுன் பள்ளியில் எனக்குச் சொல்லித்தந்தார்கள்.
ரோமாபுரி அதிகாரிகளின் சிவப்புச் செருப்பிலிருந்து வந்ததாம்,
நவ்நீதா மேம் அனுப்பிய குறிப்பு சொல்கிறது.
பிறகு பிரான்ஸ் அரண்மனை, பவுடர் பூசிய பெண்கள்,
பவுடர் பூசிய ஆண்களும்தான்.
கட்டிலிலிருந்து கண்ணாடி வரை நடப்பதற்கானது.
அவ்வளவு தூரம்தான் அவர்களுக்கு இருந்தது.

குறிப்பில் இல்லாதது ஒன்று:
பாரசீகத்தில் பாபோஷ், கால்மூடி.
மேற்கே போனது பபூஷ் ஆகி
பட்டும் ஜரிகையும் கட்டிக்கொண்டது.
இந்தப் பக்கம் வந்தது
நம் வாயில் விழுந்து பாப்பாஸ்.
வட்டி கேட்டு வந்தவனை
‘பாப்பாஸ் பிஞ்சிடும்’ என்று
அல்சூர் முழுக்கக் கேட்கும்படி சித்தி விரட்டியபோது
அவளுக்குத் தெரியாது,
கையில் ஓங்கியிருந்தது
இரண்டு பேரரசுகள்.

பதினொன்றரைக்கு மாடலின் செய்தி.
சில்க் போர்டில் நிற்கிறாளாம், வரமாட்டாளாம்.
முப்பத்தேழாம் எண் கால் யாருக்கு?
எல்லாரும் குனிந்து
என் காலைப் பார்த்தார்கள்.

கால்சட்டை கணுக்காலுக்கு மேல் இரண்டு விரல்.
மேலே வெளிர்நிறம், கீழே ஒரே ஒரு அடர்நிறம்.
புடவை என்றால் கொசுவத்தை ஓர் அங்குலம் தூக்கு,
இல்லையேல் கூர்நுனியை அது விழுங்கிவிடும்.
கொலுசு வேண்டாம். மெட்டி வேண்டவே வேண்டாம்.
மற்றவர்களுக்கு மண்டியிட்டுச் சொல்வதையெல்லாம்
எனக்கே சொல்லிக்கொண்டு குனிந்தேன்,
பழக்கம்.
இதற்குக் குனியத் தேவையில்லை.
நுழைத்தால் போதும்.

ஆனால் விரல்கள் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.
விட்டால் அது தனி, நான் தனி.
இதில் ஓட முடியாது.
கோபித்துக்கொண்டு அறையை விட்டுப் போகவும் முடியாது,
ஒவ்வோர் அடிக்கும் பின்னால்
டப் டப்பென்று கைதட்டும்.

‘கொஞ்சம் திரும்புங்க, பின்னாடிதான் அழகு.’

திரையில் பெரிதாக்கினான்.
குதிகாலில் மூன்று வெடிப்பு.
நடுவில் உள்ளது கிளை பிரிந்து,
கிளைக்குள் மெட்ரோவுக்குத் தோண்டிய மண்.
நேற்றிரவுதான் பியூமிஸ் கல்லால் தேய்த்தேன் என்று
யாரும் கேட்காமலே சொன்னேன்.
பரவாயில்லை, என்றான்.
நாலு நிமிடம் எடுத்தது.
முட்டை மாதிரி ஒரு குதிகால்.
எந்த ஊரிலும் நடந்ததில்லை அது.

மூன்று மணிக்கு டீக்கு இறங்கியபோது
மாற்ற மறந்தேன். (மறந்தேனா?)
நாலாயிரத்து இருநூறு ரூபாயில்
மாடிப்படி, சாக்கடை மூடி, கொத்தமல்லி வண்டி.
டீக்கடைக்காரர் சில்லறை தரும்போது
காலைப் பார்த்தார்,
முகத்தைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
டப் டப்பென்று திரும்பி வந்தேன்.

மாலையில் டேப்பை உரித்தேன்.
புழுதி, ஒரு மல்லித்தழை, வெற்றிலைச் சிவப்பு.
செருப்பு போகாத இடத்துக்கெல்லாம்
டேப் போயிருந்தது.
துடைத்து, உள்ளே காகிதம் திணித்து,
பெட்டியை மூடி, எண் எழுதினேன்.

வாசலில் என் ரப்பர் செருப்பு.
யாரோ இடறித் தள்ளியதில்
ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு.
காலால் திருப்பி
நுழைத்துக்கொண்டேன்.